செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைமாருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள்தான் அதிகம். நம் நரிக்குறவர் பேச்சான வாக்ரிபோலிக்கு எழுத்து இல்லாததால் வழக்கம்போல் தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஐந்து கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்தோம், மூன்று நடந்தன. சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் முகாம் ஒன்று நடந்தது. நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கொட்டிய பேய்மழையில் நம் குடியிருப்பிலும் தண்ணீர் ஏறியது. இரண்டு நாள் பொதுவில் சமைத்தோம்.

சாதிச் சான்று விஷயம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறி, தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் 37ஆவதாக நம் பெயர் ஏறியது. ஏறியதோடு எல்லாம் ஆகிவிட்டது என்று பலர் இன்னமும் பழைய மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றையே பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்ததால் ஓர் அலுவலகத்தில் என்னை நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள். பஸ் செலவை நான் கேட்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களாவது பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள்.

இனி, எல்லோரும் எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அந்தக் கருங்காலி மாலை.

மொத்தமாகச் சரக்கு எடுப்பது என் யோசனைதான், மறுக்கவில்லை. டவுன் வியாபாரி காலையில் கடனுக்குப் பாசி கொடுக்கிறார், சாயங்காலம் விற்ற காசில் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறார். வெயிலில் கோர்ப்பதும் விற்பதும் நாம். 1972 வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகு நமக்கு மிஞ்சியது ஊசியும் பாசியும்தான். அதிலும் இப்படி. அதனால்தான் சங்க நிதியில் நாமே மதுரையில் எடுப்போம் என்றேன், தீர்மானம் போட்டோம். ஆடி அமாவாசைக்கு எடுத்த ஸ்படிகமும் பாசியும் நன்றாகப் போயின. அப்போது யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

தை அமாவாசைக்குக் கருங்காலி. ஊரே கருங்காலி கேட்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரக்குப் பார்க்க என்னோடு நான்கு பேர் வருவதாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நான் மட்டும் நின்றேன். கடையில் ஒரு மாலையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மூழ்கியது. மூழ்கினால் அசல் என்றுதானே நாம் எல்லோரும் விற்கிறோம்? ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஊறப் போட்டிருக்க வேண்டும், சரி.

ஜனவரி 29 காலையில் அக்னி தீர்த்தக் கரையில் மாலைகள் நன்றாகவே போயின. வாங்கியவர்கள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடலில் முழுகி, கோயிலுக்குள் போய் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார்கள். பத்து மணிக்கு ஒருவர் திரும்பி வந்தார். வெள்ளை பனியனில் கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரியே கறுப்புக் கோடு. மாலை மட்டும் வெளுத்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நான், பனியனுக்கும் சேர்த்து. மீதி மாலைகள் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து எண்ணிக்கொள்ளலாம். நான் கமிஷன் அடித்ததாகப் பேசுகிறவர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஒரு சரக்குக் கெட்டதற்காக யோசனையையே கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பவளப்பாறைத் துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் அலைவதையும் கேள்விப்படுகிறேன். அதைத் தொட வேண்டாம். சாயம் போனால் பனியன்தான் போகும், பவளப்பாறை வழக்கில் மாட்டினால் ஆளே உள்ளே போக வேண்டியிருக்கும்.

வரவு செலவு: போன வருட இருப்பும் சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து வரவு, சரக்கு, மழைச் சமையல், ஜெராக்ஸ், டீ இவை செலவு. இருப்பு குறைவாக உள்ளது. விவரம் பொருளாளர் அண்ணனின் நோட்டில் இருக்கிறது. மழையில் நனைந்த இரண்டு பக்கம் தவிர மற்றவை படிக்கும்படி இருக்கின்றன. மாதச் சந்தா இருபது ரூபாய். வருடம் முழுக்க ஒரு ரூபாய்கூடக் கட்டாதவர்கள் பதினேழு பேர். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. மாலை விஷயத்தில் உரக்கப் பேசியவர்களில் சிலர் அந்தப் பதினேழில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தலைவர், பொருளாளர், மழையில் அரிசி கொடுத்த பள்ளிவாசல்காரர்கள், பாத்திரம் கொடுத்த மீனவர் வீட்டு அக்காமார், மைக் செட் தம்பி அனைவருக்கும் நன்றி.

ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்து, 2022 டிசம்பரில் நின்ற ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. வரும் அமாவாசைகளுக்குக் கூட்டம் கூடும். சரக்கு இப்போதே எடுத்தால்தான் உண்டு. நான் மறுபடி இந்தப் பொறுப்புக்கு நிற்பதாக இல்லை. மதுரைக் கடைக்காரர்கள் முகம் பார்த்துத்தான் விலை குறைப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்த முகம் என்னுடையது, அது வேறு விஷயம். யாராவது என் பெயரை முன்மொழிந்தால் அப்போது யோசிக்கலாம். ஆனால் விதிப்படி சந்தா பாக்கி வைத்தவர் முன்மொழிய முடியாது. பொருளாளர் அண்ணன் வாசல் பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்