குப்பம்மாள் கிணற்றில் விழவில்லை

தண்டையார்பேட்டை,
சென்னை
10.8.2025

அன்புள்ள வசந்தி,

நீ மூன்று தடவை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். உன் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சரோ சொன்னாள். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடவிடுகிறாரா? இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி, வேறொன்றுமில்லை.

போனில் சொல்கிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இதை எழுதித்தான் ஆகவேண்டும். கூடவே ஒரு ஜெராக்ஸ் கட்டும் வைத்திருக்கிறேன். கடிதத்தை முடித்துவிட்டு அதை எடு. உன்னைத் தெரியும், முதலில் அதைத்தான் பிரிப்பாய். வேண்டாம்.

எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி கிணற்றில் விழுந்து சாகவில்லை, வசந்தி.

அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலை ஞாபகம் இருக்கிறதா? ராணி மேரிக் கல்லூரி ஆண்டு விழாவுக்கு என்னிடம் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு, முந்தானையில் காபியைக் கொட்டிக்கொண்டு வந்தாயே. அது பூவாடைக்காரிக்குப் படைத்த சேலை என்று அம்மா சொன்னதும் ஒரு வாரம் நீ தனியாகப் படுக்கமாட்டேன் என்றாய். செத்துப்போய் எங்கள் வீட்டுச் சாமியான அந்தக் குப்பம்மாளைத்தான் சொல்கிறேன். தாத்தாவுக்குப் பெரியம்மா. இருபது வயதில் கேளூர்க் கிணற்றில் விழுந்துவிட்டாள், உடல்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் நான் கேட்டு வளர்ந்த கதை. வருஷா வருஷம் ஆடியில் புதுச் சேலை, வளையல், பூ, அதிரசம் வைத்து, வேப்பிலை சொருகிய கரகத்தைக் கிணற்றடியிலிருந்து பம்பையோடு அழைத்து வருவோம். ஊரை விட்டுச் சென்னைக்கு வந்த பிறகு கிணற்றடி போய்க் குழாயடி வந்தது. படையல் மட்டும் ஒரு வருஷமும் நின்றதில்லை.

பொங்கலுக்கு வந்த பையன் டி.என்.ஏ. சோதனைக்கான குழாய்கள் இரண்டு கொண்டுவந்தான். ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. எச்சில் துப்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. அத்தை வெற்றிலையை விட்டு அரை மணி நேரம் உட்கார்ந்ததே பெரிய விஷயம். அப்புறம் வாய் வறண்டு எச்சில் வரவில்லை. புளியங்காயை நினைத்துக்கொள் என்றேன். நினைத்தாள், குழாய் நிரம்பியது. 89 வயதில் அவள் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். திரும்பிப் போகும்போது பையன் இரண்டையும் எடுத்துப் போனான்.

நீ சொல்வாய் என்று தெரியும்: இரத்த சம்பந்தத்தை எல்லாம் கம்பெனிக்காரனிடம் கொடுப்பார்களா என்று. நியாயமான பயம்தான். இந்த மார்ச்சில்தான் அமெரிக்காவில் அப்படி ஒரு பெரிய நிறுவனம் திவால் மனு போட்டது. எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் வந்த முடிவைப் பார்த்த பிறகு கொடுத்ததற்கு வருத்தமில்லை.

முடிவில் ஒரு பட்டியல் வரும். நம்மோடு டி.என்.ஏ. பகிர்பவர்களின் பட்டியல். எவ்வளவு பகிர்கிறோம் என்பதைச் சென்டிமார்கன் என்ற அளவில் போடுகிறார்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே 3,400-க்கு மேல் இருக்கும். தூரம் போகப் போகக் குறையும். நம் ஆட்கள் இந்தச் சோதனையை அதிகம் செய்வதில்லை, அதனால் என் பட்டியல் முழுக்க 15, 20 என்று துணுக்குகள்தான். உச்சியில் மட்டும் ஒரு பெண், 128. ஊர் டர்பன், தென்னாப்பிரிக்கா. அத்தையின் பட்டியலிலும் அதே பெண், 251. அப்படியென்றால் அப்பா வழிதான்.

அவளே முதலில் எழுதினாள். 66 வயது, ஓய்வுபெற்ற நர்ஸ். முனுசாமி என்பது அவள் குடும்பத்தில் வரும் ஒரு பெயர், அது யார் என்று தேடுவதாகச் சொன்னாள். முனுசாமி எங்கள் வீட்டிலும் உண்டு, யார் வீட்டில்தான் இல்லை? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி, இரண்டு தலைமுறை தாண்டினால் அந்த எழுத்தும் மாறிவிடும். அங்கே போனவர்களுக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அதனால் எனக்குப் பெரிதாக நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் அவள் ஒரு படம் அனுப்பினாள். டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவரையும் கப்பல் பட்டியலில் பதிந்து ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். 1860 அக்டோபரில் இங்கிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். பெரும்பாலோர் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். முப்பது வருஷம் அந்தத் துறைமுக வாசலைத் தாண்டித்தான் நான் பாரிமுனைக்கு பஸ்ஸில் போனேன், வந்தேன். ஒரு நாள்கூட இந்த நினைப்பு வந்ததில்லை.

அந்த வரியை அப்படியே எழுதுகிறேன். பெயர் குப்பம்மா. தகப்பன் பெயர் முனுசாமி. வயது 20. பெண். ஜில்லா வட ஆற்காடு. தாலுகா போளூர். ஊர் என்ற கட்டத்தில் ஏதோ ஒன்று, வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி. நான் திரும்பத் திரும்ப வாய்விட்டுப் படித்தேன். கெலோர், கேலூர், கேளூர். அடையாளம் என்ற கட்டத்தில், வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது. வருஷம் 1898. கூட வந்தவர்கள் என்று யாரும் இல்லை.

சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இருப்பது எங்கள் வீட்டில் சொல்வது இல்லை. இவள் என்ன சொன்னாளோ, எழுதினவன் என்ன போட்டானோ. அதை வைத்து நான் ஆளை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

குப்பம்மா என்ற பெயரில் அந்தப் பட்டியல்களில் எத்தனையோ பேர். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பெயர் வைப்பது எல்லா ஊரிலும் உண்டே. இவளுக்கு முன்னால் இரண்டு போய்விட்டது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். பெயர் ஒத்துப்போகிறது, தகப்பன் பெயர் ஒத்துப்போகிறது, ஊர் ஒத்துப்போகிறது. ஒரே ஒரு இடம் இடித்தது. குப்பம்மாளுடைய கொள்ளுப்பேத்தி இவள் என்றால், எனக்கும் இவளுக்கும் நடுவே பொதுவாக எழுபது, எழுபத்தைந்து சென்டிமார்கன்தான் இருக்க வேண்டும். 128 எப்படி? இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் அத்தையிடம் சொன்னேன். முறுக்கு பிழிந்துகொண்டே அவள் சொன்னாள்: "உங்க தாத்தா மாமன் மகளைத்தான கட்டினாரு."

அவ்வளவுதான், வசந்தி! தாத்தாவின் அம்மாவும் பாட்டியின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். குப்பம்மாள் அவர்கள் இருவருக்கும் அக்கா. முனுசாமியின் இரத்தம் எனக்கு இரண்டு வாசல் வழியாக வந்திருக்கிறது, அதனால்தான் இரட்டிப்பு. கம்பெனிக் கணக்கில் மாமன் மகள் கல்யாணத்துக்கு இடமில்லை, அது எங்களை இன்னும் நெருங்கிய சொந்தம் என்று காட்டியது. வெறும் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் தப்பான தலைமுறையில் தேடிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. அந்தத் தளத்தில் எல்லோரும் கசின். தங்கையும் கசின், முறைப்பெண்ணும் கசின். அத்தை விரல்விட்டு எண்ணினாள். தாத்தா வழியாகப் போனாலும், பாட்டி வழியாகப் போனாலும், டர்பன்காரி எனக்கு அக்கா முறைதான் வருகிறது. "எனக்கு அவளும் உன்னை மாதிரி மருமகதான்," என்றாள். முறுக்கு அச்சைக் கீழே வைக்கவேயில்லை.

அக்காவிடம் கேட்டுக் கேட்டு வாங்கியதைச் சொல்கிறேன். குப்பம்மாள் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தை முடித்தாள். முடித்தவர்கள் அங்கேயே இருந்தால் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி, 1895 சட்டம். ஒப்பந்தக் கூலியில் ஆணுக்குத் தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. மூன்று பவுன் என்றால் ஒரு பெண்ணின் ஒரு வருஷக் கூலி. தில்லையாடி வள்ளியம்மை சிறை போய் உயிரை விட்ட போராட்டத்துக்கு இந்த வரியும் ஒரு காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். யாருக்கோ நடந்தது என்று படித்தோம். குப்பம்மாள் வரிக்குப் பயந்து மறுபடியும் ஐந்து வருஷத்துக்குக் கைநாட்டு வைத்தாளாம். அங்கே ஒருவரைக் கட்டிக்கொண்டு ஐந்து பிள்ளைகள் பெற்றாள். 1951-இல் காலமானாள். 73 வயது. நம் வீட்டில் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் படையல் வாங்கிக்கொண்டிருந்தவள், அங்கே பேத்திக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டோவும் வந்தது. மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி. வலது கை மடியில், முன்கையில் பச்சை, தேள் மாதிரி. பாட்டியின் அதே காது, மடல் கன்னத்தோடு ஒட்டினது.

சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பின்னால் வந்தது கோபம், இன்னும் போகவில்லை. அந்தக் கிணற்றுக் கதையை யார் கட்டினார்கள்? நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருந்தே ஆகவேண்டும் என்று விதி. தரகர்கள் பெண்களைத் தேடி அலைந்தார்கள். யாராவது ஏமாற்றி அழைத்துப் போனார்களா, இல்லை வீட்டில் இருக்க முடியாமல் அவளே போனாளா? எப்படியானாலும் அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது. உயிரோடு இருக்கிற பெண்ணைச் சாமியாக்கிவிட்டால் தேடவேண்டியதில்லை, இல்லையா?

நானும் தேடாத காகிதமில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாலு நாள் உட்கார்ந்தேன். வீட்டுப் பெட்டியில் இருந்த மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பட்டா எல்லாவற்றையும் கலைத்தேன். ஆண்கள் வரிசையாக இருக்கிறார்கள், பெண்கள் இல்லை. எப்படி இருப்பார்கள்? தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்று சட்டம் வந்ததே 1989-இல்தானே, அதை நீதான் எனக்கு விளக்கினாய். முனுசாமி மகள் குப்பம்மா என்று தகப்பன் பெயரோடு அவளை எழுதி வைத்திருப்பது உலகத்திலேயே அந்தக் கூலிப் பட்டியல் ஒன்றுதான். இதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்குப் போகும் டி.என்.ஏ. ஒன்று உண்டு, மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். டர்பன் அக்கா குப்பம்மாளின் மகளுடைய மகளுடைய மகள். இங்கே தாத்தாவின் தங்கைக்கு மகள் வயிற்றுப் பேத்தி ஆரணியில் இருக்கிறாள். அவளுக்கும் அக்காவுக்கும் அது ஒத்துப்போக வேண்டும். அதுவே முழு ஆதாரம் ஆகாது, ஆனால் ஒத்துப்போகாவிட்டால் நான் எங்கோ தவறு செய்திருக்கிறேன். கார்த்திகைக்குள் கேட்டுவிடுவேன்.

நேற்று முன்தினம், நாலாம் ஆடி வெள்ளி, படையல். செய்வதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னாலேயே அத்தைக்குப் போட்டோவைக் காட்டிவிட்டேன். வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. "எத்தினி புள்ளைங்க?" என்றாள். ஐந்து என்றேன். "எல்லாம் தங்குச்சா?" தங்கின. அப்புறம்தான் முகம் மாறியது. "செத்த தேதி கேளு. இத்தன வருஷமா நாள் தெரியாம ஆடியில வெச்சிட்டோம். அவளுக்கு என்ன புடிக்கும்னும் கேளு." உடனே கேட்டு எழுதினேன். பதில் வந்தது. தேதி ஜூலை 3. பிடித்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கருவாடா என்று அண்ணி தயங்கினாள். அத்தை பேசவில்லை, எழுந்து போய்ச் சட்டியை எடுத்தாள். இலையில் அதிரசத்துக்குப் பக்கத்தில் குழம்பு. சேலை பச்சை நிறம். அதை யாருக்கும் கொடுக்கவில்லை, டர்பனுக்கு அனுப்பக் கட்டி வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது ஜெராக்ஸை எடு. 1911-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். பாட்டியின் அப்பாவும் அவர் தம்பியும் கேளூர் நிலத்தைப் பிரித்துக்கொண்டது. புள்ளி வைக்காத கூட்டெழுத்து, தமிழ் எண்கள், எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் சார்பதிவாளர் ஆபீசில் இதையெல்லாம் படித்தவள் நீ. மூன்றாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. கறையான் அரித்த ஓட்டைக்கு முன்னால் "கு", "ப" என்று இரண்டு எழுத்து எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. அதற்கு அப்புறம் வருவது "இறந்துபோன"வா, "போன" மட்டுமா? பூதக்கண்ணாடி வைத்துப் பார். நான் நினைத்துப் பார்ப்பதைத்தான் பார்க்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது, அதனால் என் யூகத்தை எழுதவில்லை. உனக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல். இந்தத் தடவை போனை எடுப்பேன்.

உன்
மல்லிகா