சாவுச் சீட்டில் வெயில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் சித்தாள் வேலை பார்க்கிறேன். கோடையில் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவுதான். ஆனால் கான்கிரீட் கலவை இறங்கிவிட்டால் யார் நிறுத்துவார்கள்? சட்டியைத் தூக்கினால் சும்மாடே சுடுகிறது. சைட்டில் கக்கூஸ் கிடையாது. அதற்குப் பயந்தே பெண்கள் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை.

2024 ஏப்ரலில் இங்கே 41 டிகிரியைத் தாண்டியபோது, வேலை முடிந்து வந்து தகர ஷீட் வீட்டில் படுத்த என் கொழுந்தனார் விடிந்தும் எழவில்லை. பிரேதப் பரிசோதனை இல்லாமலே மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். வெப்ப அலையைக் கேரளம் முன்பே மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. தமிழ்நாடும் 2024 அக்டோபரில் அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. சரி, சீட்டில் மாரடைப்பு என்று இருந்தால் எந்த அரசு கொடுக்கும்? எங்கள் ஆட்கள் பலர் மாநில எல்லையான வேலந்தாவளம் தாண்டிக் கோவைப் பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள்.

வெயில் நாளில் இப்படி இறப்பவர்களுக்குக் கட்டாயம் பரிசோதனை செய்து காரணம் எழுத வேண்டும். அப்புறம், கழிப்பறையும் நிழல் பந்தலும் இல்லாத சைட்டில் வேலை தொடங்கவே விடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு கட்டடத் தொழிலாளி,
கொழிஞ்சாம்பாறை