ஆச்சியின் பிஸ்கற் பேணிக்கும் தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அயலட்டை உறவுகளுக்கும், கராஜ் அண்ணைமாருக்கும், மொறிஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பழைய இங்கிலாந்து வண்டி, மொறிஸ் மைனர் பிக்கப், நேற்றுப் பின்னேரம் ஒழுங்கை முடிவு வரை ஓடியது. அங்கே இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துத் திருப்பி, வந்த வழியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முன் இடது சில்லு நேராக நிற்கிறது. சந்தியில் அன்று திருப்பும்போது அந்தச் சில்லு கழன்று உள்ளே மடிந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் அடங்கும் முன்னே எழுதுகிறோம், சொல் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி சொல்ல ஆட்கள் கனக்க. முதல் இடம் பின் ஒழுங்கை ஆச்சிக்கு.

அன்று இருட்டுப்படுகிற நேரம் படலையைத் திறந்துகொண்டு ஆச்சி வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கற் பேணி. "தம்பியவை, இது எங்கட அவரின்ரை சாமான். உந்த மொறிசுக்குப் பொருந்துதோ எண்டு பாருங்கோ" என்றார். காசுப் பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "காசு எண்டா நான் திருப்பிக் கொண்டு போயிடுவன். பேணியை மட்டும் தாங்கோ, மா போட்டு வைக்க வேணும்." அவ்வளவுதான். தேத்தண்ணிக்குக்கூட நிற்கவில்லை.

பேணிக்குள் இருந்தவை: முன் சில்லின் கீழ் ட்றனியன் (மரைபோட்ட மூட்டு) இரண்டு, ஒருநாளும் மாட்டாதவை, அவற்றுக்குரிய மரைபோட்ட பின்கள், சின்னப் பையில் பவுடர் தூவிய றப்பர் வளையங்கள், கிறீஸ் நிப்பிள் (கிறீஸ் அடிக்கும் முனை) நாலு. ஒவ்வொரு ட்றனியனிலும் நூலால் கட்டிய ஒரு மட்டை அட்டை. ஒன்றில் பென்சிலால் "இடம்", மற்றதில் "வலம்", கூடவே எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்று ஒரு அம்புக்குறி. ஆச்சியின் கணவர் அப்பு லேத்தடியில், இரும்பு கடையும் இயந்திரத்தோடு, வாழ்ந்த மனிதர் என்பது ஊர் அறிந்தது. அவர் எழுதிவைத்த அந்த ஒரு சொல்லும் அம்புக்குறியும் எவ்வளவு பெரிய உபகாரம் என்று மொறிஸ் கழற்றிப் பூட்டாதவர்களுக்கும் விளங்கவேண்டும்.

இந்த வண்டியின் முன் சில்லு ஒரு கிங்பின்னில், அதாவது நிமிர்ந்து நிற்கும் இரும்பு அச்சில், நிற்கிறது. அதன் கீழ் நுனி மரையாகக் கடைந்தது. அந்த மரையில் ஏறி நிற்பதுதான் கீழ் ட்றனியன். ஸ்டியறிங்கை ஒடிக்கும்போது கிங்பின் அந்த மரைக்குள்ளேயே திரும்புகிறது. முன்பக்கத்தில் வில்லுத்தகடு கிடையாது, நீளத்துக்கு ஓடும் ரோர்ஷன் பார்தான், முறுகி வில்லாக வேலை செய்யும் இரும்புக் கம்பி. அது சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கையை (இரும்புக் கை) எந்நேரமும் நிலத்தை நோக்கி அமத்துகிறது. நிலமோ சில்லை மேலே தள்ளுகிறது. எதிர்த் திசைகளில் இழுபடும் இந்த இரண்டையும் பிரியவிடாமல் பிடித்திருப்பது அந்த மரை ஒன்றுதான். கிறீஸ் காய்ந்து, மழைத் தண்ணீர் புகுந்து, மரை தேய்ந்து கத்தி முனையாகிப் போனால் ஒருநாள் கிங்பின் கழன்று சில்லு உள்ளே மடியும். பெரும்பாலும் மெதுவாக, முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் இது நடக்கும், ஏனெனில் அப்போது ரயர் நிலத்தில் உரசி மூட்டைத் திருகுகிறது. ஓட்டத்தில் நடக்காததற்கு நல்லூரானுக்குத்தான் நன்றி.

இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசை. பழைய சாமான் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் குறி இல்லாமல் ஒரே வாளிக்குள் கிடக்கும். இருட்டுக் கராஜில், அவசரத்தில், மறுபக்கத்து ட்றனியனை எடுத்து "கொஞ்சம் இறுக்கம்தான்" என்று ஸ்பனர் போட்டால் முதல் சுற்றிலேயே கிங்பின்னின் மரையும் சேர்ந்து அழியும். பிறகு அதற்கும் வேறு தேடவேண்டும். அப்பு எழுதிய ஒரு சொல் இதைத் தடுத்தது.

அவர் சாமானைச் சேமித்த முறையையும் எழுதியே ஆகவேண்டும், கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் இரும்பு வைத்திருக்கும் எவருக்கும் உதவும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மரையின் பள்ளம் நிரம்பும்படி கிறீஸ் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, அதன்மேல் பத்திரிகைத் தாள், அதன்மேல் பிளாஸ்ரிக், பிறகு நூல். பத்திரிகைத் தாள் நேரே இரும்பில் பட்டால் ஈரத்தை உறிஞ்சி அந்த இடத்திலேயே துருப் பிடிக்கவைக்கும், அதனால்தான் இடையில் மெழுகுத்தாள். றப்பரைக் கிறீஸோடு சேர்க்காமல் தனிப் பையில், பவுடரில் வைத்திருக்கிறார். சேர்த்து வைத்திருந்தால் ஊதிப் போயிருக்கும். பிரித்துப் பார்த்தபோது மரை கண்ணாடிபோல் மின்னியது. கராஜில் நின்ற ஆறு பேரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

பூட்டிய விதத்தையும் சொல்கிறோம், ஆச்சியின் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். ஷாசிக்கு (வண்டியின் அடிச்சட்டம்) கீழே உறுதியான முட்டுக்கட்டை வைத்து வண்டியை நிறுத்தி, தனி ஜக் ஒன்றைக் கீழ்க் கைக்கு அடியில் கொடுத்து ரோர்ஷன் பாரின் பாரத்தை அதில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் போல்ட்டைத் தட்டினால் கை பாய்ந்து வந்து அடிக்கும். பிறகு இழுவைக் கம்பியைக் கழற்றி, கீழ்க் கையின் முன்பாதியைப் பிரித்தெடுத்தால் ட்றனியன் கைக்கு வரும். புதியதை அடிவரை ஏற்றிவிட்டுச் சற்றே பின்வாங்கி, சில்லை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்தாலும் மரை அடியில் முட்டாத இடத்தில் நிறுத்த வேண்டும். றப்பர் வளையம் மடியாமல் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மடிந்தால் அந்த வழியாகவே மணலும் தண்ணீரும் உள்ளே போகும். கிறீஸ் அடிப்பது சில்லு தொங்கும் நிலையில். பாரம் நிலத்தில் நிற்கும்போது அடித்தால் மரையின் அழுந்திய பக்கத்துக்குக் கிறீஸ் போய்ச் சேராது. பழைய கிறீஸ் வெளியே வந்து, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். உங்கள் வேலை சின்னது என்று அர்த்தமில்லை.

வெல்டிங் தம்பிக்கு. மொறிஸ் மைனர் காருக்குத் தனி ஷாசி இல்லை, உடம்பே சட்டம். வானுக்கும் பிக்கப்புக்கும் பின்பக்கம் தனி ஷாசி உண்டு. இந்த வண்டியில் வில்லுத்தகடு தொங்கும் இடம் இரண்டும் உக்கியிருந்தன. பழைய தகட்டுக்கு மேலேயே புதுத் தகட்டை ஒட்டி மூடச் சொன்னவர்கள் உண்டு. தம்பி கேட்கவில்லை. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார். வெட்டும் முன் கதவு இடைவெளி மாறாமல் கபினுக்குள் குறுக்குக் கம்பி கொடுத்தார். பெற்றோல் ராங்கியைக் கழற்றி முற்றத்துக்கு அப்பால் வைத்த பிறகே நெருப்பைத் தொட்டார். ஒரு அங்குலம் ஒட்டி, அரை அடி தள்ளி அடுத்த அங்குலம் என்று மாறி மாறி ஒட்டியதால் தகடு நெளியவில்லை. உள்ளே மெழுகு எண்ணெய் தெளிக்க ஓட்டை விட்டதும் அவர் யோசனைதான்.

பிறேக் வேலைக்கு இரண்டு நாள் நிலத்தில் படுத்துக் கிடந்த அண்ணைக்கு. மாஸ்ரர் சிலிண்டர் (பிறேக் எண்ணெயைத் தள்ளும் பம்ப்) சாரதியின் காலடியில், ஷாசியின் நீளச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் நீள போல்ட்டை இழுத்தால் ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். முன் பாரத்தை இறக்கிப் பாரை விலக்கிய பிறகே வெளியே வரும். றப்பர்க் கிண்ணங்களைப் பெற்றோலில் கழுவப்போன பொடியனின் கையை அவர் பிடித்தது நல்ல நேரம். பெற்றோலும் மண்ணெண்ணெயும் பட்டால் அவை ஊதி, பிறேக் பிடித்தபடியே நிற்கும். பிறேக் எண்ணெயில் மட்டும்தான் கழுவலாம். இந்த வண்டிக்குப் பிறேக் பாதை ஒன்றே ஒன்று. ஒரு குழாய் ஒழுகினால் நாலு சில்லுக்கும் இல்லை. ஆகவே பழைய இரும்புக் குழாய் ஒன்றையும் திரும்ப மாட்டவில்லை.

எஞ்சின் கட்டிய ஐயாவுக்கு. 1098 சிசி, சிலிண்டர் விட்டம் 64.58 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஓடும் தூரம் 83.72. இது மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்று திறந்ததுமே சொன்னார். எரியாத மண்ணெண்ணெய் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் தண்ணீர்போல் இளகும், சிலிண்டரின் மேல் நுனியில் நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு விழும், பெயரிங்கும் போகும். 0.020 அங்குலம் கூட்டிக் கடைந்து, எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடின இருக்கை போட்டு, சிலிண்டர்த் தலையை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக 40 இறாத்தல்-அடிக்கு இறுக்கினார். ரப்பெற் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தட்டும் கைக்கும் நடுவே உள்ளது) எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிசெய், ஏழாவதுக்கு இரண்டாவது, கூட்டினால் எப்போதும் 9 வரவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு இனி மறக்காது. பின்பக்கம் ஒயில் கொஞ்சம் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அங்கே சீல் இல்லை, ஒயிலைத் திருப்பி உள்ளே இழுக்கும் திருகுப் பள்ளம் மட்டுமே.

றேடியேற்றருக்கு மழைத் தண்ணீர் பிடித்துவைத்துத் தந்த முன்வீட்டு அக்காவுக்கு. எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் எஞ்சினுக்கு நஞ்சு. இந்த எஞ்சினின் பின் மூலையில் தண்ணீர் திறக்கும் குழாயைத் திருகியபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தித்தான் சுண்ணாம்புச் சேற்றை எடுத்தோம். நாலாம் சிலிண்டரைச் சுற்றி அது படிந்தால் மானி சாதாரணமாகக் காட்டும்போதே உள்ளே கொதிக்கும். லண்டனிலிருந்து காஸ்கற் செற்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த மச்சானுக்கும், சந்தியிலிருந்து வண்டியைத் தூக்கி உருட்டிவந்த பொடியளுக்கும், அந்த வெயிலில் அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்த கடைக்கார அம்மாவுக்கும் நன்றி.

1953 முதல் 1971 வரை இந்தப் பிக்கப்புகளைச் செய்தார்கள். பிறந்த நாட்டில் கால் தொன் ஏற்றவென்று செய்த வண்டி. இங்கே அது வெங்காய மூட்டை, சீமெந்து, மீன்பெட்டி, கல்யாண வீட்டு வாழைக்குலை, சில வேளை நோயாளி என்று எதை ஏற்றவில்லை? காலி நகரில் மொறிஸ் மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்து இங்கிலாந்து வரை அனுப்பினார்கள். வடக்கில் நிலைமை வேறு. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் வரவில்லை, பற்றறியும் வரவில்லை, ஒரு நட்டும் வரவில்லை. காபரேற்றருக்குள் பெற்றோல் கொஞ்சம் பீச்சிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காலம். அந்தக் காலத்தில் லேத்தடியில் நின்றவர்கள்தான் இந்த வண்டிகளைச் சாகாமல் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு சோடி புது ட்றனியனை விற்காமல், வீசாமல், பெயர் எழுதிச் சுற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாருடைய வண்டிக்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆகவே ஒரு வாக்கு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை முன்பக்க நிப்பிள் நாலுக்கும் கிறீஸ். திகதியையும் மைலையும் கராஜ் கதவின் உட்பக்கத்தில் எழுதிவருவோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில்லை ஜக்கில் ஏற்றி, ரயருக்கு அடியில் கம்பி கொடுத்து மேலே நெம்பி, மரையில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்போம். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது போதாது, அதில் பெயரிங்கின் ஆட்டமும் கலந்து தெரியும். இந்த ஊரில் மொறிஸ் வைத்திருக்கும் எவரும் தங்கள் வண்டியைக் கொண்டுவரலாம். முட்டுக்கட்டையும் ஜக்கும் கிறீஸ் துவக்கும் இங்கே உண்டு, கூலி இல்லை. மிஞ்சிய வலப்பக்க ட்றனியனை நாங்கள் பூட்டவில்லை, அந்தப் பக்கத்து மரை அளந்து பார்த்ததில் இன்னும் நல்லாக இருக்கிறது. மெழுகுத்தாள், பத்திரிகை, பிளாஸ்ரிக், நூல் என்று அப்பு சுற்றியபடியே சுற்றி, அவருடைய அட்டையோடு வைத்திருக்கிறோம். அடுத்து யாருக்குத் தேவையோ அவர் வந்து கேட்கட்டும்.

ஆச்சி, பேணியைக் கழுவி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தாயிற்று. கிறீஸ் மணம் போய்விட்டது. வெறும் பேணியாகத் திருப்பித் தரக்கூடாது, வறுத்த அரிசிமா இரண்டு கிலோ அதற்குள் இருக்கிறது. ஞாயிறு காலை பிக்கப்பிலேயே கொண்டுவருகிறோம். இந்தமுறை தேத்தண்ணி நாங்கள்தான் உங்கள் வீட்டில் குடிப்போம்.

பிக்கப் வீட்டார்,
கோண்டாவில்