நடிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு போனில் பேசும்போது பெரியப்பா பக்கத்தில் இருந்துகொண்டு, "அவ நடிக்கவும் இல்ல, நாடகம் எழுதவும் இல்ல, அப்புறம் எதுக்குடா அவளுக்குச் சம்பளம் தர்றான்?" என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. நீங்கள் சமாளித்துக்கொண்டு குளிர் எப்படி என்று பேச்சை மாற்றினீர்கள். கேள்வி நியாயமானதுதான். போனில் சொன்னால் பாதி போய்ச் சேராது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். பெரியப்பாவிடம் சொல்லும்போது சம்பளம் வருகிற இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

ஜெர்மனியில் நான் இருக்கிற கீஸன், ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். 1944 டிசம்பரில் விழுந்த குண்டுகளில் நகரத்தின் நடுப்பகுதி போய்விட்டது, அதன்மேல் அவசர அவசரமாக எழுப்பிய பெட்டி பெட்டியான கட்டடங்கள்தான் இன்றைக்குக் கடைத்தெரு. அழகான ஊர் என்று இங்கே இருப்பவர்களே சொல்ல மாட்டார்கள். ஆனால் 1982-இல் ஆண்ட்ஷேய் விர்த் என்ற போலந்துக்காரர் இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு நாடகத் துறையை ஆரம்பித்தார். நாடகத்தைப் பற்றிப் படிப்பதும் நாடகம் செய்து பார்ப்பதும் ஒரே கூரைக்குக் கீழே நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நடிகர்களைத் தயாரிக்கிற பள்ளிக்கூடம் இல்லை இது, அழுவதற்கும் வசனம் பேசுவதற்கும் யாரும் பயிற்சி தர மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து கிளம்பிப் போனவர்கள்தான் பெர்லின் மேடைகளைப் பாதி மாற்றிவிட்டார்கள் என்பது வேடிக்கை.

எனக்கு இங்கே நம் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி வேலை. பருவத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு, விடுமுறைக்குக் காசு கிடையாது. கௌரவத்துக்கு மட்டும் குறைவில்லை. அதோடு ஒரு சின்ன நாடக விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன், க்யூரேட்டர் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் வாடகை போக மிச்சம் வருகிறது, கவலைப்படாதீர்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மாணவி தன் விடுதியின் நிலவறையில் இருக்கும் துணி துவைக்கிற அறையில் ஒரு நிகழ்ச்சி செய்தாள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பார்வையாளர். உள்ளே போனால் மெஷினில் துணியைப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, எதிரில் ஒரு ஸ்டூலைக் காட்டுகிறாள். மெஷின் ஓடி முடிகிற வரைக்கும்தான் நாடகம். முதலில் ரொம்ப நேரம் பேசவே இல்லை, தண்ணீர் ஏறுகிற சத்தமும் துணி புரள்கிற சத்தமும்தான். அப்புறம் ஏற்கனவே துவைத்து வைத்த போர்வை ஒன்றை எடுத்து இரண்டு முனையை என் கையில் கொடுத்தாள். அவள் பாட்டியின் போர்வை. பாட்டி முதியோர் இல்லத்தில் இருக்கிறார், அங்கே எல்லார் துணியையும் மொத்தமாகத் துவைப்பதால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பட்டை தைத்துக் கொடுக்க வேண்டுமாம். போர்வையை மடிக்கும்போது இரண்டு பேரும் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க வேண்டியிருக்கிறது இல்லையா, அப்படி நெருங்கினபோது என் கட்டைவிரலுக்குக் கீழே அந்தப் பட்டை தட்டுப்பட்டது. மெஷின் வேகமெடுத்து அதிர ஆரம்பித்த பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள், அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மெஷின் நின்றதும் கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்த நாள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச வேண்டும். பிரமாதம், போர் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்ல விடுவதில்லை. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனசில் எது நின்றது என்று சொல்ல வேண்டும். பிறகு செய்தவர் கேள்வி கேட்பார். அதன் பிறகுதான் பார்த்தவர்கள் கேட்கலாம், அதுவும் கேள்விக்குள் குத்தல் ஒளிந்திருக்கக் கூடாது. கருத்து கடைசியில், செய்தவர் சரி என்றால் மட்டும். வாயை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது இருபது வயசுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் முறை வந்தபோது, கடைசியில் பேச்சு கேட்காமல் போனது நீ செய்ததா, மெஷின் செய்ததா என்று கேட்டேன். "மெஷின்தான். ஆனா இனிமே மாத்த மாட்டேன்" என்றாள். இப்படிக் கேள்வி கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

இது நாடகமா என்று நீங்கள் கேட்பீர்கள். அறுபது வருஷமாக இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1966-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பீட்டர் ஹாண்ட்கே எழுதிய ஒரு நாடகத்தில் நான்கு பேர் வந்து நின்றார்கள், கதை கிடையாது, பாத்திரம் கிடையாது, நேராகப் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசிக் கடைசியில் திட்டித் தீர்த்தார்கள். இந்த வழியில் வந்ததையெல்லாம் தொகுத்து 1999-இல் ஹான்ஸ்-தீஸ் லேமன் என்ற நாடக ஆய்வாளர் ஒரு கனமான புத்தகம் போட்டார், நாங்கள் எல்லாரும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறோம். கீஸனில் ரொம்ப காலம் பேராசிரியராக இருந்த ஹைனர் கோப்பல்ஸ் 2007-இல் ஆளே இல்லாத ஒரு நாடகம் செய்தார். ஐந்து பியானோக்கள் தாமாக வாசிக்கின்றன, தொட்டிகளில் தண்ணீர், மூடுபனி, மழை. நடிகர் ஒருத்தரும் கிடையாது. என்னைக் கேட்டால், இந்த வகையில் பத்தில் ஆறு சோதனைதான், பார்க்கிறவர்களுக்கு. மீதி நான்குக்காகத்தான் போய்ப் போய் உட்காருகிறோம்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. ஷீ ஷீ பாப் என்று ஒரு குழு, அவர்களும் கீஸனில் படித்தவர்கள். 2010-இல் தங்கள் சொந்த அப்பாக்களையே மேடை ஏற்றினார்கள். அந்த அப்பாக்கள் நடிகர்கள் இல்லை. கல்லூரியில் நீங்கள் படித்த லியர் அரசன் கதையை வைத்துக்கொண்டு, சொத்து யாருக்கு, கடைசிக் காலத்தில் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று மேடையிலேயே பேசுகிறார்கள். வகுப்பில் இதன் பதிவைப் போட்டுக் காட்டினேன். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது, ஆனால் கூப்பிட மாட்டேன். அண்ணன் பாகம் பிரிக்கிற பேச்சை எடுத்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவர் நீங்கள்.

ரிமினி புரோட்டோகோல் என்று இன்னொரு குழு. இவர்கள் நடிகர்களை அவ்வளவாக நம்புவதில்லை, லாரி ஓட்டுபவர், கால் சென்டரில் வேலை பார்ப்பவர் என்று அவரவர் வாழ்க்கையில் தேர்ந்தவர்களையே கொண்டுவருவார்கள். 2005-இல் பெர்லினில் ஒரு நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கினால் கையில் ஒரு செல்போன் தருவார்கள், கொல்கத்தா கால் சென்டரிலிருந்து ஒருவர் பேசி, இடது பக்கம் திரும்பு, அந்தச் சுவரைப் பார் என்று பெர்லின் தெருக்களில் உங்களை நடத்திக்கொண்டு போவார். 2008-இல் நூறு பெர்லின்காரர்களை மேடையில் நிறுத்தினார்கள், ஒவ்வொருவரும் ஊரின் ஒரு சதவீதம். வயது, ஆண் பெண், குடும்ப வகை, பிறந்த நாடு, பேட்டை எல்லாம் நகரத்தின் புள்ளிவிவரத்துக்குப் பொருந்த வேண்டும், ஒருவர் அடுத்தவரைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டே, ரசித்திருப்பீர்கள்.

காசு எங்கிருந்து வருகிறது என்று பெரியப்பா கேட்பார். எல்லாம் வரிப்பணம். இந்த நாட்டில் அரசும் நகராட்சிகளும் நடத்துகிற நாடக அரங்குகளே சுமார் 140 இருக்கின்றன, டிக்கெட் வசூல் அவற்றின் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நாங்கள் அந்த அரங்குகளில் மாதச் சம்பளத்தில் இல்லாத தனி ஆட்கள், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். தனியாகத் தொழில் செய்கிற கலைஞர்களுக்கென்று 1983-இலிருந்து ஒரு காப்பீட்டு நிதி இருக்கிறது, மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கட்ட வேண்டியதில் பாதியை அது கட்டும். இதைக் கேள்விப்பட்டபோதுதான் கூத்து வாத்தியாருக்கு முட்டி வலிக்கு ஊர்க்காரர்கள் வசூல் பண்ணிக் கொடுத்தது ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. ஆனால் இங்கேயும் காற்று மாறுகிறது. பெர்லினில் 2025-க்கான கலைச் செலவில் மட்டும் சுமார் 13 கோடி யூரோ வெட்டினார்கள். வெட்டு விழும்போது முதலில் ஆடிப்போவது எங்களைப் போன்ற தனி ஆட்கள்தான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விழாக்குழுவில் நம் ஊர்க் கூத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லாருக்கும் கண் விரிந்தது. விடிய விடியவா, ஊரே உட்கார்ந்து பார்க்குமா, துரியோதனன் படுகளத்துக்கு மண்ணில் அவ்வளவு பெரிய உருவமா என்று ஒரே கேள்வி. "நீங்கள் இன்றைக்குப் புதுசாகச் செய்வதெல்லாம் எங்கள் ஊரில் எப்போதோ இருக்கிறது" என்று ஒரு வரி நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. அது உண்மையும் இல்லை. கூத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் கதை தெரியும், கர்ணன் சாகப் போகிறான் என்று தெரிந்துதான் வருகிறார்கள், நடுவில் தூங்கி எழுந்தாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். இங்கே வருகிறவருக்கு அடுத்த நிமிடம் என்ன என்று தெரியாது, தெரியக் கூடாது என்றுதான் செய்வதே. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரண்டையும் பார்க்காமல் விட்டதாகிவிடும்.

அப்புறம் ஒருவர் கேட்டார், எழுபது நிமிடத்துக்குச் சுருக்க முடியுமா என்று. ஐரோப்பிய விழாக்களில் இது சகஜம், அடுத்த அரங்குக்குப் போகிறவர்களுக்கு நேரம் வேண்டும். எழுபது நிமிடத்தில் கிரீடமும் கிறுகிறுவென்ற சுழற்சியும் மட்டும்தான் மிஞ்சும், மெதுவாக இரவு கனத்துக்கொண்டே போகிறதே அது போய்விடும். அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரஸ்ஸல்ஸில் 1994-இல் ஃப்ரீ லேய்சன் என்ற அம்மா ஒரு விழாவை ஆரம்பித்தார், பிளெமிஷ் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்த ஊரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே விழா. கலைஞருக்கு எது தேவையோ அதற்கு விழா வளைந்து கொடுக்க வேண்டும் என்பதை அவர் மாதிரி ஆட்கள்தான் காட்டிக் கொடுத்தார்கள். குழு மூன்று கூட்டம் போட்டுக் கடைசியில், முழு இரவும் என்றால் எப்படி என்று திட்டம் எழுதிக் கொடு என்றது.

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது கூத்து. வெளியில் வைக்க முடியாது, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் போடக் கூடாது. உள்ளே வைத்தால் விளக்கு, ஒலி பார்க்கிறவர்களுக்கு ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் சட்டப்படி பதினொரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும், ஆக இரண்டு ஷிப்ட் ஆட்கள். கற்பூரம் ஏற்ற வேண்டுமென்றால் தீயணைப்புக்காரர் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பிடிக்கிற திரைத் துணி எளிதில் தீப்பிடிக்காத ரகம் என்று காகிதம் வேண்டும். கிரீடமும் புஜக்கீர்த்தியும் கல்யாண முருங்கை மரம், போய்த் திரும்புகிற பொருள் என்று சுங்கத்துக்கு ஏடிஏ கார்னே என்ற பத்திரம் எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கிற பணத்தில் ஆளுக்கு ஒரு ஆட்டத்துக்கு 250 யூரோவைத் தாண்டினால் 15 சதவீதமும் அதன்மேல் ஒரு சின்ன வரியும் பிடித்துவிடுவார்கள். விசா தனிக்கதை. பெரியப்பாவிடம் சொல்லுங்கள், க்யூரேட்டர் என்றால் முக்கால்வாசி இதுதான்.

படுகளம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். திரௌபதி அம்மன் இல்லாத இடத்தில் அதைச் செய்வது எனக்கு ஒப்பவில்லை. கர்ண மோட்சம் கேட்டிருக்கிறேன். பொன்னுருவி தன் புருஷன் கர்ணனை மடக்குகிற இடம் நீளம் என்று இங்கே ஒருவர் இழுத்தார், அதில் கை வைத்தால் நான் விழாவில் இல்லை என்றேன். ஒரு சிக்கல்தான் இன்னும் தீரவில்லை, கட்டியங்காரன். வசனத்தை முன்கூட்டியே மொழிபெயர்த்து மேலே திரையில் ஓட விடுவதுதான் இங்கே வழக்கம், கட்டியங்காரன் அன்றைக்கு எதிரில் யார் கிடைக்கிறார்களோ அவர்களை வைத்துப் பேசுகிறவர், அதை எப்படி முன்கூட்டி ஓட்டுவது? மேடை ஓரத்தில் ஜெர்மன் தெரிந்த ஆள் ஒருவர் உட்கார்ந்து, அவரோடு வாயாடிக்கொண்டே சொல்லலாம் என்று தோன்றுகிறது. அந்த ஆளாக நானே உட்கார வேண்டி வரலாம், அதை நினைத்தால்தான் உதறல்.

உங்களிடம் கேட்பது இதுதான். சித்திரை, வைகாசியில் வாத்தியார் ஓய்வில்லாமல் இருப்பார், ஆடி முடிந்து ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள். மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் சேர்த்து மொத்தம் எத்தனை பேர் வந்தால் ஒரு இரவு தாங்கும், மரத்தரையில் ஆட முடியுமா இல்லை மண் கொட்டியே ஆக வேண்டுமா, அரிதாரம் பூசுவதைப் பார்வையாளர்கள் உட்கார்ந்து பார்த்தால் அவருக்குச் சம்மதமா, கட்டியங்காரன் பக்கத்தில் இன்னொரு ஆள் பேசுவதை அவர் ஒப்புவாரா. யாருக்கெல்லாம் பாஸ்போர்ட் இருக்கிறது என்றும் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் வாய்ஸாக அனுப்பினாலும் போதும். தொகை பற்றி மட்டும் நீங்களாக எதுவும் சொல்லிவிடாதீர்கள், வரி போக எவ்வளவு கையில் நிற்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு நானே வாத்தியாரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்