கடச்சனேந்தல் பிளாட்டை விற்க வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நான் பேசுவது உனக்குப் பாதிதான் புரிகிறது, அதுவும் வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகும்போது எனக்கே புரிவதில்லை, உங்கம்மா இடையில் புகுந்து மொழிபெயர்க்கிறேன் பேர்வழி என்று அவள் கருத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். கடச்சனேந்தல் பிளாட்டை விற்று எனக்கு இம்யூனோதெரபி ஊசி போடலாம் என்று நீ சொன்னாயே, அதற்குப் பதிலை டைப் பண்ணியே அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

வாய்ப் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை நீயும் பார்த்தாய். வெட்டி எடுத்த இடத்தின் ஓரமெல்லாம் சுத்தம். ஆனால் கழுத்தில் எடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டில் நோய் இருந்தது, அதில் ஒன்றில் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. இந்த "உறையைத் தாண்டி" என்பதுதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. திரும்ப வருவதற்கான வாய்ப்பு அதிகமுள்ள கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் வெறும் கரண்ட் (கதிர்வீச்சு) போதாது, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் போட வேண்டும் என்கிறார்கள். 33 நாள் கரண்ட், சனி ஞாயிறு லீவு, ஆறரை வாரம் ஓடும். கரண்ட் வைக்கும்போது அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சு எடுத்தாகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லையும் பிடுங்கியாகிவிட்டது, கரண்ட் வைத்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாதாம்.

சரி, நீ அனுப்பிய இம்யூனோதெரபி சமாச்சாரத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். பேச முடியாததால் கேள்விகளை நோட்டில் எழுதிக் காட்டினேன். மனுஷன் பொறுமைசாலி. அவர் அலங்காநல்லூர்ப் பக்கம் என்பதால் விளக்கமும் அந்தப் பக்கத்துதான்: நோயோடு சண்டை போடும் டி அணுக்கள் காளை மாதிரி, பிடி-1 என்பது அதன் மூக்கணாங்கயிறு, புற்றுநோய்ச் செல் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடுகிறது, நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தெல்லாம் கயிற்றை அறுத்து வாடிவாசலைத் திறக்கிற வேலை. திறந்த பிறகு காளைக்கு மாடுபிடிக்கிறவன் யார், வேடிக்கை பார்க்கிறவன் யார் என்று தெரியாது. தைராய்டு, நுரையீரல், குடல், ஈரல் என்று எங்கே வேண்டுமானாலும் முட்டும். முடி கொட்டாது என்பதை வைத்து லேசான மருந்து என்று நினைத்துவிடாதே. இந்தப் பிடி-1ஐ 1992-ல் கண்டுபிடித்த ஜப்பான்காரர் ஹோஞ்சோவுக்கு 2018-ல் நோபல் கொடுத்தார்கள், ஆலிசன் என்ற அமெரிக்கரோடு சேர்த்து.

நீ பெரிதாக நம்பியிருப்பது பெம்ப்ரோலிசுமாப் ஆய்வு, கீநோட்-689. 714 பேர். நல்ல ஆய்வுதான், அதை வைத்து 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷ முடிவில் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் பழைய முறையில் நூற்றுக்கு 46, மருந்து சேர்த்தால் 58 பக்கம். ஆனால் பாப்பா, அதில் முதல் இரண்டு தவணையை ஆபரேஷனுக்கு முன்னாடியே போடுகிறார்கள். கட்டி உள்ளே இருக்கும்போதே டி அணுக்கள் எதிரியின் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். என் கட்டி போய்விட்டது. அந்த வழி எனக்கு இல்லை, அதைப் பேசிப் பிரயோஜனமில்லை.

எனக்குப் பொருந்துவது பிரெஞ்சு டாக்டர்கள் முன்னின்று செய்த நிவோபோஸ்டாப் என்ற ஆய்வு. 680 பேர், எல்லோரும் என்னைப் போல ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட் மோசமாக வந்தவர்கள். பாதிப் பேருக்குக் கரண்டும் சிஸ்பிளாட்டினும் மட்டும், பாதிப் பேருக்கு அதோடு நிவோலுமாப். மூன்று வருஷத்தில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் 52.5 சதவீதம், மருந்து சேர்ந்தவர்களில் 63.1. நான் பாலிசி விற்றே உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவன், சதவீதத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியும். என்னைப் போல நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் 52 பேருக்கு இந்த மருந்து இல்லாமலே மூன்று வருஷம் ஓடும். 37 பேருக்கு மருந்து போட்டும் நிற்காது. நடுவில் இருக்கிற பத்துப் பதினோரு பேருக்குத்தான் இதனால் லாபம். நான் அதில் ஒருவனா என்று முன்கூட்டியே சொல்ல ஆளில்லை. பத்துப் பேர் என்பது சின்ன எண் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இந்த வியாதியில் பல வருஷமாக இவ்வளவு கூட நகரவில்லையாம்.

இப்போது விலை. முதல் ஊசி 240 மில்லிகிராம், அதுவே கரண்ட் ஆரம்பிக்கும் முன். பிறகு 360 மூன்று தடவை, பிறகு மாதம் ஒன்றாக 480 ஆறு தடவை. கூட்டினால் 4200 மில்லிகிராம். ஆஸ்பத்திரி பில்லிங்கில் விலை கேட்டு எழுதி வாங்கி வந்த உன் தம்பி, அந்தச் சீட்டை என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருந்தான். மெடிக்ளைமில் இருந்ததை ஆபரேஷனே தின்றுவிட்டது. (ஊருக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர் வீட்டிலேயே பத்தவில்லையா என்று உன் மாமா கேட்டுவிட்டார், கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்.)

உடனே நீ கேட்பாய், மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இதே நிவோலுமாபை 20 மில்லிகிராம் போட்டே பலன் கண்டார்களே என்று. அதையும் கேட்டேன். அது உண்மை, 2022-ல் வந்தது, ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4-க்கு ஏறியிருக்கிறார்கள். ஆனால் அது நோய் திரும்பி வந்து, இனி முழுசாகக் குணமாக்க முடியாது என்ற நிலையில் இருந்தவர்களுக்கு, கூடவே மாத்திரைகளும் சேர்த்துக் கொடுத்தது. என்னைப் போல ஆபரேஷன் முடிந்து, திரும்ப வராமல் தடுக்க நினைக்கிறவர்களுக்கு அந்தச் சின்ன அளவு போதும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. டாக்டர் அதைக் கையில் எடுக்கத் தயாராக இல்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இன்னொன்று சொன்னாய், இப்போதைக்குக் கரண்டை முடித்துவிடுவோம், பிளாட்டை நிதானமாக விற்று அப்புறம் ஊசியை ஆரம்பிப்போம் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட அதையே 406 பேரிடம் செய்து பார்த்திருக்கிறார்கள், அட்டிசோலிசுமாப் என்ற இதே வகை மருந்தை, எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு ஒரு வருஷம் போட்டு. வித்தியாசமே இல்லை. ஆக ஆரம்பித்தால் கரண்டோடு ஆரம்பிக்க வேண்டும். கரண்டோ திங்கட்கிழமை. ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள் தொடங்குவதுதான் கணக்கு, தள்ளத் தள்ள நமக்குத்தான் நஷ்டம். கடச்சனேந்தல் பிளாட்டுக்கு அதற்குள் ஆள் பிடித்தால் அவன் கேட்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், அது உன் தம்பிக்கு என்று வைத்தது. நீ அங்கே வீட்டுக் கடனுக்கு மேல் இன்னொரு கடன் வாங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. மாப்பிள்ளை நல்லவர், வேண்டாம் என்று சொல்லமாட்டார், அதனாலேயே அவரிடம் கேட்கக் கூடாது.

மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம் ஏதாவது கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்கிறார்கள், பேப்பர்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் போட்டுக்கொள்வேன், வீம்பு ஒன்றும் இல்லை. கிடைக்காவிட்டால் கரண்டும் சிஸ்பிளாட்டினும்தான். அதுவும் சும்மா இல்லை, அந்த 52 பேரை நிறுத்தி வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. சிஸ்பிளாட்டினைத் தாங்கக் கிட்னி நன்றாக இருக்கிறது, அதற்கான காது டெஸ்டும் எடுத்தாகிவிட்டது. திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்தில்தான் வரும் என்பதால் செக்கப்பை ஒரு தடவை கூட விடமாட்டேன். வெற்றிலைப் பெட்டியை உங்கம்மா எங்கே போட்டாள் என்று நானும் கேட்கவில்லை, நீயும் அந்தப் பேச்சை எடுக்காதே.

இப்போது இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூனில் இறக்குகிறேன், மூக்குக் குழாய் எடுத்துவிட்டார்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கி வாய் திறக்கிற பயிற்சியும் நடக்கிறது, வாரத்துக்கு ஒரு குச்சி கூடுகிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கரண்டின் கடைசி இரண்டு வாரமும், முடிந்த பிறகு இரண்டு வாரமும்தான் வாயெல்லாம் புண்ணாகி ரொம்பப் படுத்துமாம், அப்போது உங்கம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. லீவை இப்போதே கேட்டு வை. பேரனுக்குப் பள்ளிக்கூடம் இருந்தால் அவன் மாப்பிள்ளையோடு இருக்கட்டும், நீ மட்டும் வா. டிக்கெட் போட்டதும் தேதியை அம்மாவுக்குச் சொல்லாமல் எனக்கு மெசேஜ் பண்ணு, அவளுக்குத் தெரிந்தால் இன்றைக்கே மாடி அறையைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா