கம்பெனிப் பதவிக்குக் கையெழுத்திடும் முன்

மண்டபம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். தூத்துக்குடியில் கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று உன்னை நிர்வாக இயக்குநராகக் கூப்பிட்டிருப்பதாக அம்மா சொன்னாள். எனக்குப் பெருமைதான் தாயி. ஒன்றியக் கவுன்சிலராக இருந்தபோது குடிதண்ணீருக்காக நீ அதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றதை ஊர் மறக்கவில்லை. 2025 ஜனவரி 5-ம் தேதியோடு உங்கள் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகும் மனுவோடு நம் வாசலுக்கு ஆள் வருகிறது. ஆனாலும் நீ சரி சொல்லும் முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் இருக்கும் தம்பி போனில் பேசும்போது இவர் பெயரைச் சொன்னான். ரோலண்ட் கோஹ். பிராங்பர்ட் நகரம் இருக்கிற ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு 1999 முதல் 2010 வரை முதல்வர். இவருடைய அப்பாவும் அங்கே அமைச்சராக இருந்தவர். தேர்தலில் தோற்றுப் போகவில்லை, தானாகவே பதவியை விட்டார். 2011 ஜூலையில் பில்ஃபிங்கர் பெர்கர் என்ற பெரிய கட்டுமானக் கம்பெனிக்குத் தலைவரானார். பாலமும் கட்டடமும் கட்டுவதைக் குறைத்து, ஆலைகளையும் மின் நிலையங்களையும் பராமரிக்கும் வேலைக்குக் கம்பெனியை இன்னும் வேகமாகத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து ஜெர்மனி காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் மாறிக்கொண்டிருந்தது. பழைய மின் நிலையக்காரர்கள் செலவைச் சுருக்கிவிட்டார்கள். 2014-ல் சில வாரங்களுக்குள்ளேயே, இந்த ஆண்டு லாபம் சொன்ன அளவு வராது என்று இரண்டு முறை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் பதவி விலகினார். பதினொரு வருஷம் மாநிலத்தை ஆண்டவர், கம்பெனியில் மூன்று வருஷத்துக்குச் சற்று மேல்தான் இருந்தார்.

அவரைத் திறமை இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அரசியலில் ஒரு திட்டம் தள்ளிப்போனால் மக்களிடம் காரணம் சொல்லலாம், அவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். கம்பெனியில் நீ சொன்ன எண்தான் உன் வாக்கு. அது தவறினால் பங்கு வைத்திருப்பவன் அன்றைக்கே விற்றுவிட்டுப் போவான்.

நம் கடற்கரையையே எடுத்துக்கொள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. கவுன்சிலராக இருந்தபோது நிவாரணம் கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாய். இனி அந்த 61 நாளும் ஐஸ் பிளான்ட் கரண்ட் பில், பேங்க் வட்டி, இறால் உரிக்கும் பெண்களின் கூலி எல்லாம் உன் தலையில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதே, அதில் இங்கே எந்தக் கம்பெனிக்காரன் செய்த தப்பு என்ன இருக்கிறது? இருந்தும் இழப்பு அவனுக்குத்தான். கோஹுக்கு மின் நிலையங்கள் செய்ததும் இதுதான்.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. உன்னை எதற்காகக் கூப்பிடுகிறார்கள்? வேலைக்கா, இல்லை உன் போனில் இருக்கும் அதிகாரிகளின் நம்பருக்கா? அதை நேராகவே கேள். லைசென்சு வாங்கித் தரவும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கவும்தான் நீ வேண்டும் என்றால், அந்த நாற்காலி உனக்கு வேண்டாம். நீ கவுன்சிலராக இருந்தபோது ஒன்றியத்தில் தீர்மானம் போட்ட எந்த வேலையிலும் அந்தக் கம்பெனிக்காகத் தலையிடாதே.

அதெல்லாம் இல்லை, வேலைக்குத்தான் என்று தெரிந்தால் தைரியமாகப் போ. போனதும் ஏசி அறைக்குள் உட்காராமல், முதலில் உரிக்கும் கொட்டகையில் நின்று பார். கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கவுண்ட் கணக்கை அங்கே வேலை செய்யும் பெண்கள் கையால் எடுத்தே சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் கற்றுக்கொள். ஐஸில் மரத்துப்போன அந்தக் கைகளுக்கு உன்னால் ஏதாவது செய்ய முடியுமா என்றும் பார். அது நீ எப்படியும் செய்வாய், நான் சொல்லத் தேவையில்லை.

கம்பெனியின் கடைசி மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட்டையும் பேங்க் கடன் விவரத்தையும் கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பு. மீன் கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான், பார்த்துவிட்டு எழுதுகிறேன். தர மாட்டோம் என்று சொன்னால் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா