கால் காந்தலுக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோமனூர், பல்லடம் பக்கத்து மருந்துக்கடைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது: "ராத்திரியெல்லாம் கால் காந்துதுங்க, ஒரு வலி மாத்திரை குடுங்க." டைக்ளோஃபெனாக் 50 மி.கி. உடனே கைக்கு வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் பல வருடச் சர்க்கரை நோயாளி.

தறியில் நின்று நின்று மூட்டு வீங்கினால் அந்த மாத்திரைக்கு வேலை உண்டு. வீங்கிய இடத்தில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம், நரம்பு முனையிலுள்ள சோடியம் அயனிக் கால்வாய்களையும் (திறந்தால் வலிச் செய்தி கிளம்பும் நுண்ணிய வழிகள்) சூட்டை உணரும் டிஆர்பிவி1 கால்வாயையும் சிறு தூண்டலுக்கே திறந்துகொள்ளும்படி மாற்றுகிறது. டைக்ளோஃபெனாக் முக்கியமாக அந்தச் சுரப்பைக் குறைப்பதால் கால்வாய்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

சர்க்கரையால் சிதைந்த நரம்பில் கோளாறே வேறு. யாரும் தொடாமலே சோடியம் கால்வாய்கள் கண்டபடி திறக்க, நரம்பு தானாகவே துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே டைக்ளோஃபெனாக்கால் பெரிய பயனில்லை. நிற்கவில்லையே என்று இன்னொன்று போடும்போது அடிபடுவது சிறுநீரகம். சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் குறையாமல் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். எனாலாப்ரில் அல்லது டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையோடு, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு இந்த மூன்றாவது மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் சரியாக வடிகட்டாததைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிடக்கூடும். இதைத்தான் மிகவும் கவலையோடு சொல்கிறோம்.

நரம்பு வலிக்குத் தரப்படும் ப்ரீகாபலின் மாத்திரை, நரம்பிலுள்ள கால்சியம் கால்வாயின் ஒரு துணைப் பகுதியைப் பிடித்து, வலிச் செய்தியைக் கடத்தும் ரசாயனங்கள் வெளிப்படுவதைக் குறைக்கிறது. மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். தூக்கமும் தலைசுற்றலும் வரும் என்பதால், உடம்புக்குப் பழகும்வரை தறியோட்டுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு குறையும். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மிளகாயிலுள்ள கேப்சைசின் சேர்ந்த 0.075 சதவீதக் களிம்பு முதலில் டிஆர்பிவி1 கால்வாயைத் திறந்து எரிச்சலைக் கூட்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை எனச் சில வாரம் விடாமல் தடவினால்தான் நரம்பு முனை மரத்து வலி தணியும். இரண்டு நாளில் தூக்கிப்போடுபவர்களே அதிகம். வெடிப்பிலும் புண்ணிலும் படக்கூடாது. வெறும் தண்ணீரில் போகாது, சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே கண்ணைத் தொட வேண்டும்.

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற புதிய வலி மருந்து, என்ஏவி1.8 என்ற சோடியம் கால்வாயை மட்டும் அடைக்கிறது. அந்த அனுமதி பெரியவர்களுக்குத் திடீரென வரும் வலிக்குத்தான், சர்க்கரைக் கால் எரிச்சலுக்கு அல்ல.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே காந்தல் வரும், ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். மருந்துக்கடை நண்பர்கள் டைக்ளோஃபெனாக்கை எடுத்துத் தரும் முன் "சர்க்கரை இருக்குங்களா? பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் மாத்திரையை எடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர்கள்,
கோவை.